அக்டோபர் தாளில் ஒரு கட்டம்

ஆர்னி தன் தலையணையை எடுத்துக்கொண்டு போயிருந்தான். காட்டுக் குடிலின் கூரையைச் சரி செய்துவிட்டு ஒரு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். கூரை மாற்றப் போகிறவனுக்குச் சுத்தியல் வேண்டும், ஆணி வேண்டும், தடித்த கையுறை வேண்டும். குடிலில் ஏற்கெனவே நான்கு தலையணைகள் கிடக்கின்றன. எங்கள் கட்டிலில் அவன் பக்கம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன். அங்கே இருக்கும் தலையணையெல்லாம் எலி வாசனை அடிக்கும், அதனால்தான் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, அக்டோபர் தாளை வெளியிட உட்கார்ந்துவிட்டேன்.

நான் கிராஸ் ஸ்டிச் டிசைன் போடுகிறவள். கால்வாய்க்கரை ஊரான ஹான்காக்கில், மேட்டுத் தெருவில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்னறைதான் என் கம்பெனி. கணினியில் கட்டம் கட்டமாகப் படம் வரைவேன். ஒவ்வொரு கட்டமும் துணியில் பெருக்கல் குறி போல ஒரு தையல். எந்தக் கட்டத்துக்கு எந்த நிற நூல் என்று குறியிட்டுத் தாளாக விற்பேன். வாங்குகிறவர்கள் கட்டத்தை எண்ணி எண்ணித் தைப்பார்கள்.

இந்த வருடத்து டிசைன் பன்னிரண்டு தாள்கள். மாதத்தின் முதல் தேதியில் ஒரு தாள் வரும். அது வரும்வரை அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாது. அந்த மர்மத்துக்காகவே வாங்குவார்கள். ஜனவரியில் வானம், பிப்ரவரியில் புகைபோக்கி, பிறகு கூரை, ஜன்னல் என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டிரண்டு தாளாக மேலிருந்து கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. தொள்ளாயிரம் பேர் தங்கள் தங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வீட்டைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அது எங்கள் வீடு. அவர்களுக்கு அது தெரியாது. செப்டம்பர் தாளில் வாசல்படியில் ஓர் ஆண் வந்தான், ஒரு கையை நீட்டிக்கொண்டு. அக்டோபர் தாளில் ஒரு பெண், அந்தக் கையைப் பிடித்தபடி.

நான் வரைந்தால் போதாது. வெளியே போகும் முன் ஒருவர் அதைத் துணியில் தைத்துப் பார்க்க வேண்டும். தாளில் சரியாகத் தெரிவது துணியில் கோணலாக நிற்கும். எனக்குத் தைத்துப் பார்க்கிறவன் ஆர்னி. மாவட்டத்துச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன், ஆறடி இரண்டு அங்குலம், பலகை மாதிரி உள்ளங்கை. பதினோரு வருடங்களுக்கு முன்பு முதுகெலும்பில் அறுவை செய்து ஒரு குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தபோது, டிவி பார்த்துச் சலித்துப்போய், என் ஊசியை வாங்கித் தைக்கக் கற்றுக்கொண்டான். பிறகு விடவே இல்லை. பனி கொட்டும் வரை லாரிக்குள் காத்திருக்கும் நேரத்தில்கூட மடியில் துணி இருக்கும். அவன் அக்கா ஹெல்வி இன்றும் சொல்வாள், “எங்கப்பா மட்டும் இருந்திருந்தா இவனுக்கு ஒரு பாவாடையும் வாங்கிக் குடுத்திருப்பாரு.” ஆர்னி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “பூப்போட்டதா வாங்கச் சொல்லு” என்பான்.

அவன் கண்ணுக்கு ஒரு கட்டமும் தப்பாது. தைத்து முடித்த தாளில், நான் செய்த தவறுகளையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டுக் கீழே தேதி எழுதிக் கொடுப்பான். நான்கு வட்டம், ஆறு வட்டம், ஒரு முறை பத்தொன்பது. அக்டோபர் தாளில் வட்டமே இல்லை. வெறும் தேதி மட்டும். இத்தனை வருடத்தில் வட்டமில்லாமல் வந்த முதல் தாள் அது. அந்தப் பெருமையில் அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். அவன் பார்த்தான், பாலை எடுத்துக்கொண்டு கதவை மூடினான். இரண்டு நாள் கழித்துத் தலையணையோடு கிளம்பிப் போனான்.

அவன் போன பதினோராம் நாள் முதல் கடிதம் வந்தது. சஸ்காச்சுவானிலிருந்து வில்ஹெல்மினா டூக் என்ற அம்மாள். என் டிசைன் எதையும் விடாமல் வாங்குகிறவர். “ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டாங்களான்னு என் வீட்டுக்காரரு கேக்கறாரு” என்று எழுதியிருந்தார். “கைக்கும் கைக்கும் நடுவுல ஒரு கட்டம் காலியா இருக்கும்மா. எனக்குத்தான் எண்ணத் தெரியலையா?”

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினேன். அவருக்கு எண்ணத் தெரிந்திருந்தது. ஆர்னியிடம் கொடுக்கும் முன் கடைசி நேரத்தில், பெண்ணின் கை கொஞ்சம் நீளமாகத் தெரிகிறதே என்று ஒரு கட்டம் வெட்டியிருந்தேன். பக்கத்துத் தாளில் ஆணின் கை எங்கே முடிகிறது என்று திருப்பிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் பதினேழு பேர் எழுதிவிட்டார்கள்.

எனக்கு வந்தது கோபம்தான். தவறு செய்தது நான், ஆனால் அதைப் பிடிக்க வேண்டியது அவன். ஹெல்வி வாரத்தில் இரண்டு நாள் வந்து நூலை அட்டையில் சுற்றிப் பொட்டலம் கட்டித் தருவாள். அவளிடம் பொரிந்து தள்ளினேன். இத்தனை வருஷமா எறும்பு மாதிரி எண்ணினவன், நடுவில், படத்துக்கே உயிரான இடத்தில், எப்படி விட்டான்? கண்ணாடி மாற்ற வேண்டும், கூரை முடிந்து வரட்டும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

ஹெல்வி சுற்றுவதை நிறுத்தவில்லை. பச்சை நூல் முழுக்கச் சுற்றி முடித்து, நுனியை அட்டையின் வெட்டில் செருகிவிட்டுத்தான் பேசினாள்.

“கூரை போன ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுபோச்சு, மார்லிஸ்.”

பிறகு ஏன் வரவில்லை என்று கேட்க வாயைத் திறந்தேன்.

“என்னை எதுவும் கேக்காத. அவன் எனக்குத் தம்பி. நீயும் எனக்கு வேணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தாள்.

அதற்கு மேல் எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் காரணம் எதுவும் மிச்சமில்லை. அவன் வீட்டுக்கு வருவானா, மாட்டானா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி எலி வாசனைக்கும் கூரைக்கும் பின்னால் இத்தனை நாளும் நின்றுகொண்டிருந்தது.

என் விரலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எண்ணும்போது யாராவது பேசினால் எண்ணிக்கை போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது அறைக்குள் வந்தால் ஆள்காட்டி விரலைத் தூக்குவேன். இரு, முடித்துவிடுகிறேன் என்று அர்த்தம். ஊசி பிடிக்கிற எல்லோர் வீட்டிலும் இது உண்டு. ஆர்னிகூட எனக்கு விரல் தூக்கியிருக்கிறான். வேறுபாடு என்னவென்றால், அவன் விரல் கால் நிமிடத்தில் இறங்கும். என் விரல் எப்போது இறங்கும் என்று எனக்கே தெரியாது.

போன ஏப்ரலில் ஒரு மத்தியானம் அவன் பின்னறை வாசலில் வந்து நின்றான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் மே மாதத்து ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். விரல் எழுந்தது. முடித்துவிட்டுத் திரும்பியபோது அவன் அங்கே இல்லை, வெளியே வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தான். என்ன விஷயம் என்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்க நினைத்து மறந்துபோனேன். பத்து நாள் கழித்து ஹெல்விதான் சொன்னாள். கழுத்தில் ஒரு கட்டி இருந்ததாம், மார்க்வெட் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்ச் சதை எடுத்துச் சோதித்துக்கொண்டானாம், ஒன்றுமில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு வந்ததாம். ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஏன் சொல்லவில்லை என்று திட்டினேன். “நல்ல சேதிதானே, சொல்லாட்டி என்ன” என்று முதுகைத் தட்டிக் கொடுத்தான். நானும் அதை அப்படியே நம்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் ஆர்னி தைத்து வைத்திருந்த துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குடிலுக்குக் கிளம்பினேன். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டி நான்கு, துண்டில் சுற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தேன். கால்வாய்த் தூக்குப் பாலத்தை உயர்த்தியிருந்தார்கள். ஏதோ ஒரு படகு, கால்வாயில் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஆறு கார்கள். இருபத்தாறு வருடங்களாக நான் திட்டித் தீர்க்கிற பாலம் அது. அன்று அது இறங்கவே வேண்டாம் என்று இருந்தது.

தெற்கே நாற்பது மைல். அதில் கடைசி மூன்று மைல் மண் பாதை. இலையெல்லாம் கொட்டி முடிந்து மரங்கள் மொட்டையாக நின்றன. குடிலின் புதுக் கூரை தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. ஒரு தகடுகூடப் பாக்கியில்லை. ஆர்னி நீராவிக் குளியலறையான சவுனாவுக்கு விறகு பிளந்துகொண்டிருந்தான். என் காரைப் பார்த்ததும் கோடரியைக் கட்டையில் நிறுத்திவிட்டு வந்து, பாஸ்டி சுற்றிய துண்டை வாங்கிக்கொண்டான். “டர்னிப் கிழங்கு போட்டியா?” என்று எப்போதும் போலக் கேட்டான். போட்டேன் என்றேன். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நம்பித்தான் உள்ளே போனேன்.

குடிலுக்குள் எல்லாம் துடைத்து வைத்திருந்தது. கீழ்க் கட்டிலில் அவன் தலையணை, நான் ஓரத்தில் நீலச் சங்கிலித் தையல் போட்ட உறையோடு. ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலியும் விளக்கும். தைக்கிறவன் உட்காருகிற மாதிரி, வெளிச்சம் இடது தோளுக்கு வரும்படி திருப்பிப் போட்டிருந்தான். ஒரு வாரத்துக்கு வந்தவன் நாற்காலியை அப்படித் திருப்ப மாட்டான்.

மேசையில் துணியை விரித்தேன். அவன் குனிந்து பார்க்கவில்லை.

“எத்தனை பேரு எழுதிட்டாங்க?” என்று கேட்டான்.

“நாப்பத்தி மூணு. உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“அவ கையைத் தச்ச அன்னிக்கே தெரியும்.”

“அப்புறம் ஏன் வட்டம் போடல?”

அவன் அடுப்பில் காபிக் கெட்டிலை வைத்தான். முதுகு என் பக்கம் இருந்தது. “வட்டம் போட்டா நீ பாத்துத் திருத்திடுவ. ஒரு தடவையாவது வாயால சொல்லணும்னு இருந்துச்சு. ‘மார்லிஸ், நம்ம ரெண்டு பேரு கையும் சேரல பாரு’ன்னு. சொன்னா நீ சிரிப்பன்னு நெனச்சேன். மூணு நாளு, மூணு தடவை அந்த அறை வாசலுக்கு வந்தேன்.”

மூன்று முறையும் என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

நான் என் பக்கத்தைச் சொன்னேன். வேலை அது, வேறென்ன செய்வேன் என்றேன். அவன் முதுகு ஒடிந்து கிடந்த வருடம் அந்தப் பின்னறைதான் எங்களுக்குச் சோறு போட்டது, கண் எரிய எரிய எண்ணியவள் நான் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவன் நான் முடிக்கும்வரை காத்திருந்தான்.

“எனக்குத் தெரியாதா?” என்றான் பிறகு. “அந்த வருஷம் வீட்டுல அடுப்பு எரிஞ்சதே உன்னாலதான். அதை நெனச்சுக்கிட்டுதான் இத்தனை வருஷம் வாசல்ல நின்னேன். உன் மேல எனக்குக் கோவம் இல்ல, மார்லிஸ். நின்னு நின்னு காலு ஓஞ்சுபோச்சு, அவ்வளவுதான்.”

அவனைப் பார்க்க முடியாமல் துணியைப் பார்த்தேன். வாசல் தூண், படி, படியில் அவன், நீட்டிய கை, பிறகு வெள்ளைத் துணி. காபி கொதிக்கிற சத்தம் கேட்டது. அவன் கெட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். “உன்னை ஒண்ணு கேக்கணும்” என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அவன் பேசுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் என் கண் தூணிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தது. காலியாக இருப்பது ஒரு கட்டமா, இரண்டா? இரண்டென்றால் நான் எல்லோருக்கும் அனுப்ப வேண்டிய திருத்தமே வேறு. ஏழு, எட்டு, ஒன்பது என்று போய்க்கொண்டிருந்தபோது அறை அமைதியாக இருப்பது தெரிந்தது. நிமிர்ந்தேன். என் வலது கை மேசைக்கு மேலே நின்றது, ஆள்காட்டி விரல் நீட்டியபடி.

ஆர்னி கெட்டிலைப் பிடித்தபடி காத்திருந்தான். கெட்டிலின் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவன் முகத்தில் கோபமோ கேலியோ இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பனி கொட்டும்வரை லாரிக்குள் உட்கார்ந்திருப்பானே, அந்த முகம்.

“முடிச்சிட்டியா?” என்று கேட்டான். நிஜமாகவே கேட்டான்.

விரலை மடக்கினேன். “ஆர்னி, நான் வேணும்னு செய்யல. சொல்லு, என்ன கேக்க வந்த?”

“ஒண்ணுமில்ல.” இரண்டு கோப்பையிலும் காபியை ஊற்றினான். “ஒரு கட்டம்தான். நான் எண்ணிட்டேன்.”

காபியைக் குடித்தோம். பாஸ்டியை ஆளுக்கு ஒன்று தின்றோம். வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று கடைசியில் கேட்டே விட்டேன். வேட்டைக் காலம் முடியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றான். துணியை எடுத்துச் சுருட்டப் போனேன். அவன் அதன் மேல் கையை வைத்தான். “இது இங்கயே இருக்கட்டும். ரெண்டு தாள் பாக்கி இருக்குல்ல? நான் தச்சு முடிச்சுத் தர்றேன். தொள்ளாயிரம் பேரு பணம் குடுத்திருக்காங்க, அவங்க என்ன பண்ணுவாங்க?”

அவன் கேட்க வந்தது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் எல்லோருக்கும் திருத்தம் அனுப்பினேன். பெண்ணின் கை, எண்பத்தெட்டாம் வரிசை, எழுபத்தொன்றாம் கட்டம், தோல் நிற நூலில் ஒரு தையல் சேர்த்துக்கொள்ளவும், தவறு என்னுடையது. ஒரே தையல்தான். பதில்கள் வந்தபடி இருந்தன. வில்ஹெல்மினா டூக் படமே எடுத்து அனுப்பியிருந்தார். “தச்சாச்சு. என் வீட்டுக்காரரு கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு, ‘இப்பதான் குடும்பம் நடத்தறவங்க மாதிரி இருக்காங்க’ன்னாரு.” ஊர் ஊராக எங்கள் கைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்தன.

நவம்பர் தாளையும் டிசம்பர் தாளையும் ஹெல்வியிடம் கொடுத்தனுப்பினேன். அவ்வளவு கவனமாக நான் எந்தத் தாளையும் வரைந்ததில்லை. நவம்பரில் படியோரச் செடிகளும் வேலியும், டிசம்பரில் கீழே கால்வாயும் பனியும். ஓர் இடத்திலாவது வட்டம் போடட்டும் என்று வேண்டுமென்றே ஒரு தவறு விடலாமா என்றுகூட யோசித்தேன். விடவில்லை. நவம்பர் தாள் சரியாக இருக்கிறது என்று மட்டும் ஹெல்வியிடம் சொல்லியனுப்பினான், முதல் தேதி அதை வெளியிட்டேன். நவம்பர் பதினைந்தில் மான் வேட்டைக்குத் துப்பாக்கிகள் கிளம்பின. ஊரில் ஆண்களே இல்லை. மாதக் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகையன்று வருவான் என்று ஒரு நம்பிக்கை. தைத்ததைக் கையில் கொடுக்கவாவது வரவேண்டுமே. டர்னிப்பை அவனுக்குப் பிடித்தபடி வெல்லம் போட்டு வேகவைத்தேன். மேசையில் இரண்டு தட்டு வைத்தேன். கதவைப் பார்க்கிற பக்கமாக நான் உட்கார்ந்தேன்.

ஹெல்விதான் வந்தாள், அதுவும் மறுநாள் காலையில். கையில் ஏலக்காய் ரொட்டி ஒன்று, கக்கத்தில் ஒரு பொட்டலம். பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, கோட்டைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

பிரிக்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. துணியை அவன் சுற்றி அனுப்பியிருந்தது அந்தத் தலையணை உறைக்குள். ஓரத்தில் என் நீலச் சங்கிலித் தையல். துவைத்து, காயவைத்து, மடிப்பு கலையாமல் தேய்த்திருந்தான். தலையணையை வைத்துக்கொண்டு உறையை மட்டும் திருப்பி அனுப்பியிருந்தான். கடிதம் எதுவும் இல்லை. இரண்டு தாள்களின் கீழேயும் தேதி இருந்தது. வட்டம் எதுவும் இல்லை. இந்த முறை தவறு எதுவும் இல்லாததால்தான் இல்லை.

துணியை விரித்தேன். வேலி, செடிகள், கால்வாயின் சாம்பல் நீலம், கரையில் பனி. பின்பக்கம் திருப்பினால்கூட ஒரு முடிச்சும் தெரியாத அவன் தையல். வாசல்படியைப் பார்த்தேன். அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. பிறகுதான் உறைத்தது. திருத்தத்தைத் தொள்ளாயிரம் பேருக்கும் அனுப்பினேன், அவனுக்கு அனுப்பவில்லை. தைத்துப் பார்க்கிறவன் தாளில் இருப்பதைத்தான் தைப்பான்.

துணியைப் பின்னறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். தோல் நிற நூல் இழுப்பறையிலேயே இருந்தது. இரண்டு இழை பிரித்து ஊசியில் கோத்தேன். எண்பத்தெட்டாம் வரிசை. ஓரத்திலிருந்து எண்ணத் தொடங்கினேன். அறுபதைத் தாண்டியிருப்பேன். சமையலறையிலிருந்து ஹெல்வி ஏதோ சொன்னாள். காரின் குளிர்கால டயரைப் பற்றி, கடைக்காரன் முந்தாநாள் வா என்றவன் இன்று வா என்கிறானாம்.

என் விரல் மேலே எழுந்திருந்தது. அதைப் பார்த்தேன். இறக்கினேன். ஊசியைத் துணியின் ஓரத்தில் குத்தி வைத்துவிட்டு எழுந்துபோய், அவளுக்கு எதிரே, நேற்று வைத்து எடுக்காமல் விட்ட இரண்டாவது தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். அவள் கண் சிவந்திருந்தது. டயரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை போய்விட்டிருந்தது.

“அப்புறம்?” என்று கேட்டேன்.